கொக்கு முட்டை எண்ணியவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் திண்டிவனத்திலிருந்து ஒரு நண்பர் எழுதியிருந்தார். கொக்கு முட்டையை எண்ணுகிறவர்களுக்கெல்லாம் டாக்டர் பட்டமா, அதற்கு நம் வரிப்பணமா என்பது அவருடைய கேள்வி. படித்து முடிப்பதற்குள் எனக்குக் காபி ஆறிவிட்டது. பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். ஆனால் அந்த முட்டைகளை எண்ணியதில் எனக்கும் பங்கு உண்டு. எண்ணியவன் சார்பாகவும் நாலு வார்த்தை இருக்கட்டும்.

எனக்கு 71 வயது. மதுராந்தகம் வட்டத்தில் ஒரு சின்ன ஊர். 34 வருஷம் கிளை அஞ்சலகத்தைப் பார்த்துக்கொண்டேன். அஞ்சலகம் என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை, என் வீட்டுத் திண்ணைதான். வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரை. வேடந்தாங்கலிலிருந்து எங்கள் ஏரிக்கு நாரை பத்து நிமிஷத்தில் வந்துவிடும். பஸ்ஸில் வந்தால் மாற்றி ஏறி ஒன்றேகால் மணி நேரம். பெயர்ப்பலகை, பார்வை மாடம், டிக்கெட் எதுவும் இங்கே கிடையாது. ஏரி உள்வாயில் கருவேல மரங்கள், மதகுப் பக்கம் பழைய நீர்க்கடம்பு கொஞ்சம். அவற்றில்தான் நத்தைகுத்தி நாரை, வக்கா, நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டும். எந்த வருஷமும் கட்டும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2015 ஆடி மாதம் ஒரு பெண் பதிவுத் தபால் அனுப்ப வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பேச்சு. விலங்கியலில் ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னாள். மழை தள்ளிப்போனால், குறைந்தால், வெயில் கூடினால், கூடு கட்டும் நாரைகள் என்ன செய்கின்றன, எப்போது முட்டையிடுகின்றன, எத்தனை குஞ்சு தேறுகிறது என்று பார்க்க வேண்டுமாம். சரணாலயத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள், சின்ன ஏரிகளை யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் இங்கே வந்தேன் என்றாள். மாடி அறை காலியாக இருந்தது. என் மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாப்பாடு எங்களோடதான், தனியா அடுப்பெல்லாம் வைக்கக்கூடாது" என்றாள். அப்படியாக நான்கு பருவம் அவள் எங்கள் வீட்டில் இருந்தாள்.

அவள் வேலை என்ன என்பதைத் திண்டிவனத்து நண்பருக்காகச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்குக் கரையில் இருப்பாள். வனத்துறை அனுமதிக் கடிதம் பிளாஸ்டிக் உறையில் எப்போதும் பையில் இருக்கும். முன்கூட்டியே எண் கொடுத்து வைத்த சில மரங்களுக்கு மட்டும், லாரி டியூப்பின் மேல் பலகை கட்டிய தெப்பத்தில் போவோம். நீளமான மூங்கில் கழி நுனியில் சலூன் கண்ணாடி ஒன்றைக் கட்டியிருந்தாள். கழியை உயர்த்திக் கூட்டுக்கு மேலே சாய்த்துப் பிடித்தால் உள்ளே இருப்பது கண்ணாடியில் தெரியும். கழியைப் பிடிப்பது என் வேலை. "மூணு முட்டை, ஐயா." அவ்வளவுதான், அடுத்த மரம். ஒரு மரத்தடியில் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவிட மாட்டாள். தாய்ப்பறவை எழுந்து போன நேரத்தில் காக்கை வந்துவிடும், வெயில் ஏறிவிட்டால் குஞ்சு தாங்காது என்பாள். ஒருநாள் நான் போட்டோ எடுக்கிறேன் என்று தாமதித்தேன். திரும்பி வரும்வரை என்னோடு பேசவில்லை.

கைக்கு எட்டுகிற தாழ்ந்த கூடு கிடைத்தால் ஒரு முட்டையை எடுத்து டப்பாத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு, துடைத்துத் திரும்ப வைப்பாள். அன்றே இட்ட முட்டை அடியில் படுத்துக்கொள்ளும். நாள் ஆக ஆக ஒரு முனை எழும்பும். எத்தனை நாள் முட்டை என்று அதை வைத்துக் கணக்குப் போடலாமாம். அழுகல் முட்டையைக் கண்டுபிடிக்க என் மனைவி செய்கிற வித்தையும் இதேதான். அவளிடம் சொன்னபோது, "அப்ப எனக்கும் டாக்டர் பட்டம் குடுங்க" என்றாள்.

நத்தைகுத்தியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். பெயருக்கு ஏற்றபடி அதன் சாப்பாடு பெரும்பாலும் நத்தை. அந்த நத்தை கோடையில் சேற்றுக்குள் புதைந்து, ஓட்டு வாயை மூடிபோட்டுக்கொண்டு தூங்கும். மழை பெய்து, ஏரி நிறைந்து, வயலில் சேறடித்தால்தான் வெளியே வரும். இவ்வளவும் சங்கிலி. ஏரி தாமதமாக நிறைந்தால் நடவு தாமதம், நத்தை தாமதம், நாரையும் தாமதம். முட்டை பொரிக்க ஏறக்குறைய நான்கு வாரம், குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க அதற்கு மேல் ஐந்தாறு வாரம். கூடு கட்டும் நாளையும் சேர்த்தால் மூன்று மாதம் மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் நாரைக்கு அழகுக்கு அல்ல, அகழிக்கு. வற்றினால் நாயும் நரியும் நடந்தே வந்துவிடும்.

இப்போது அந்த நான்கு பருவத்தைச் சொல்கிறேன். என் கடிதமே இதற்காகத்தான்.

2015ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பர் முழுக்க மழை, டிசம்பர் முதல் தேதி ஊரே மிதந்தது. எங்கள் ஏரி கலங்கல் வழிந்து ஒரு வாரம் நிற்கவில்லை. தாழ்ந்த கிளைகளில் இருந்த வக்காக் கூடுகளும் நீர்க்காகக் கூடுகளும் முட்டையோடு தண்ணீருக்குள் போயின. உயரத்தில் கட்டியிருந்த நத்தைகுத்திகளுக்கு மட்டும் கொண்டாட்டம். அந்த வருஷம் தை மாதத்தில் மரமெல்லாம் வெள்ளையாக இருந்தது. ஒரு கூட்டுக்கு மூன்று குஞ்சு சாதாரணம். அவள் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். இது நல்ல வருஷமா கெட்ட வருஷமா என்று கேட்டேன். "யாருக்கு, ஐயா?" என்று திருப்பிக் கேட்டாள்.

மறு வருஷம் நேர் எதிர். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. ஐப்பசியில் நாரைகள் வந்தன. ஏரிக்கு மேல் சுற்றின, மரத்தில் உட்கார்ந்தன, வெடித்த தரையைப் பார்த்தன. பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போய்விட்டன. திருக்கார்த்திகை அன்று வர்தா புயல் வந்தது. தீபம் ஏற்ற முடியவில்லை, ஆனால் ஏரியில் கணுக்காலுக்குத் தண்ணீர் சேர்ந்தது. அதை நம்பித் திரும்பி வந்த சில ஜோடிகள் காலம் தப்பிக் கூடு கட்டின. மாசி கடைசியில் தண்ணீர் வற்றியது. தெருநாய்கள் மரத்தடியில் நடமாட ஆரம்பித்தன. ஒரு காலை போய்ப் பார்த்தால் கூட்டில் குஞ்சு இருக்கிறது, தாயும் தகப்பனும் இல்லை. மறுநாளும் இல்லை. நான்காம் நாள் கண்ணாடியில் தெரிந்ததை அவள் என்னிடம் சொல்லவில்லை, நோட்டில் எழுதிவிட்டுக் கழியை இறக்கச் சொன்னாள். அன்று மதியம் சாப்பிட வரவில்லை.

2017 ஓரளவு நல்ல பருவம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் அதனதன் நேரத்தில் நடந்தது.

2018இல்தான் சிக்கல். மழை மறுபடியும் ஏமாற்றியது. அடுத்த கோடையில் சென்னையில் குடத்தோடு ஜனங்கள் லாரிக்குக் காத்து நின்றார்களே, அதற்கு முந்தைய மழைக்காலம். ஆனால் அதே வருஷம் சித்திரையில் ஏரி உள்வாய்க் கருவேல மரங்களில் பாதிக்கு மேல் ஏலத்தில் போய் வெட்டப்பட்டுவிட்டன. மாசியிலேயே வெட்ட வந்தார்கள். மரத்தில் குஞ்சு இருக்கிறது என்று அந்தப் பெண்ணும் நானும் ஊர்ப் பையன்கள் நாலு பேரும் போய் நின்றோம். இரண்டு மாதம் தள்ளிவைத்தார்கள், அதுவே பெரிய விஷயம். ஏலம் விட்டதையும் நான் தப்பு என்று சொல்லவில்லை. வெட்டி விற்பதற்கென்று வைத்த மரம்தான் அது, ஊருக்கும் அதில் வருமானம் உண்டு. ஆனால் அந்த ஐப்பசியில் வந்த நாரைகள் மிகக் குறைவு. மழை இல்லாததால் வரவில்லையா, மரம் இல்லாததால் வரவில்லையா? நான் மரம் என்றேன். என் மனைவி மழை என்றாள். அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள்: "தெரியாது. இந்த ஒரு ஏரியை, இந்த ஒரு வருஷத்தை வைத்துச் சொல்ல முடியாது."

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. நான்கு வருஷம் கழி பிடித்தவன் நான். முடிவு என்னம்மா என்று கேட்டால், "நாலு வருஷமும் நாலு தனிக்கதை, ஐயா. இதைப் போக்குன்னு சொன்னா பொய் சொன்ன மாதிரி" என்கிறாள். ஆய்வேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறாள். தண்ணீர் நிற்கும் நாளுக்கும் குஞ்சு தேறுவதற்கும் உள்ள தொடர்பை மட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டு, பருவம் மாறுவதால் முட்டையிடும் காலம் நிரந்தரமாகத் தள்ளிப்போகிறதா என்பதற்கு இன்னும் பல வருஷக் கணக்கு வேண்டும் என்று முடித்திருக்கிறாள். அஞ்சலகத்தில் தினக்கணக்கு எழுதியவனுக்கு இது பிறகு புரிந்தது. ஒரு தபால் தலை குறைந்தால் குறைகிறது என்றுதான் எழுத வேண்டும், கூட்டி எழுதி நேராக்கக் கூடாது.

பல வருஷக் கணக்கு என்றால் எவ்வளவு? அதற்கும் அவளே ஒரு கதை சொன்னாள். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் வைத்தம் என்று ஒரு காடு. அங்கே மரங்களில் கூட்டுப்பெட்டி மாட்டி, நம் ஊர்ப் பட்டாணிக்குருவியின் நெருங்கிய உறவான ஒரு குருவி எப்போது முட்டையிடுகிறது, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று 1947இலிருந்து எழுதிவருகிறார்கள். ஆரம்பித்தவர் டேவிட் லாக். நமக்குச் சுதந்திரம் வந்த வருஷத்தில் தொடங்கிய நோட்டை இன்னும் மூடவில்லை. ஆராய்ச்சி மாணவர்கள் வருவார்கள், மூன்று நான்கு வருஷம் எண்ணுவார்கள், பட்டம் வாங்கிப் போவார்கள். அடுத்தவர் வந்து அதே பெட்டியைத் திறப்பார். அப்படி 1961 முதல் 2007 வரை சேர்ந்த கணக்கைப் பார்த்தபோதுதான் குருவிகள் சுமார் 14 நாள் முன்கூட்டியே முட்டையிடுவது தெரிந்தது. வசந்தம் சீக்கிரம் சூடாகிறது, ஓக் மரம் சீக்கிரம் துளிர்க்கிறது, துளிரைத் தின்னும் புழு சீக்கிரம் பெருகுகிறது. அந்தப் புழுதான் குஞ்சுக்குச் சாப்பாடு, அதனால் குருவியும் முந்திக்கொண்டது. நெதர்லாந்தில் ஹோகே வெலுவே என்ற இடத்தில் 1955இலிருந்து இதேபோல் எண்ணுகிறார்கள். அங்கே புழு முந்திய அளவுக்குக் குருவி முந்தவில்லையாம். குஞ்சு வாயைத் திறக்கும்போது புழுவின் காலம் முடிய ஆரம்பித்திருக்கும். பந்தி முடிந்து கை கழுவும் நேரத்தில் வந்த விருந்தாளி மாதிரி.

நான் ஒரு கூட்டல் கழித்தல் போட்டுப் பார்த்தேன். 46 வருஷத்தில் 14 நாள் என்றால் மூன்றேகால் வருஷத்துக்கு ஒரு நாள். அந்தக் காட்டில் ஒரு மாணவர் நான்கு வருஷம் எண்ணியிருந்தால் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கக்கூடிய மாற்றம் ஒரே ஒரு நாள், கொஞ்சம் மேலே. மழை ஒரு வாரம் முன்னே பின்னே வந்தாலே அது அழிந்துவிடும். எண்ணியவர்கள் யாரும் விடையைப் பார்க்கவில்லை. எல்லோரும் எண்ணி வைத்ததால் பிறகு வந்தவர் பார்த்தார். எங்கள் பக்கத்தில் மழையோ இங்கிலாந்து வசந்தத்தைப் போல அடக்கமானது இல்லை. ஒரு வருஷம் மூழ்கடிக்கும், மறு வருஷம் காயவைக்கும். அப்படிப் பார்த்தால் நமக்கு இன்னும் நீளமான நோட்டு வேண்டும்.

நம்மிடம் இருப்பது என்ன? உதவித்தொகை இருக்கும்வரை எண்ணிக்கை. 2015இல் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். அதுவும் மாதாமாதம் வந்ததில்லை. ஒருமுறை ஐந்து மாதம் வரவில்லை. எங்கள் வீட்டு வாடகையை அவள் தாமதமாகக் கொடுத்ததற்காக மன்னிப்புக் கேட்டு எழுதிய சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. (வாடகை 600 ரூபாய். அதற்கு ஒரு பக்கம் கடிதம்.) பைக் பெட்ரோலுக்குத் தம்பியிடம் கடன் வாங்கினாள். வரிப்பணம் கொட்டிக்கிடக்கிறது என்று நினைக்கும் திண்டிவனத்து நண்பர், அந்தப் பைக்கின் டயரைப் பார்த்திருக்க வேண்டும். 2019இல் அவள் கிளம்பினாள். தெப்பம் கரையில் கிடந்தது. சலூன் கண்ணாடியை எனக்கே கொடுத்துவிட்டுப் போனாள், இப்போது என் பேரன் அதில்தான் தலை வாருகிறான். அடுத்த மாணவர் யாரும் வரவில்லை. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரும் ஓய்வுபெற்றுவிட்டார். அவள் இப்போது ஒரு கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளர், வாரத்துக்கு 20 மணி நேரம் பாடம் எடுக்கிறாள். நோட்டு நின்றுவிட்டது.

நண்பர் கடிதத்தில் நான் ஒத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஆய்வேடுகள் இங்கிலீஷில் எழுதப்பட்டு அலமாரியில் தூங்குகின்றன என்கிறார். பெரும்பாலும் உண்மை. இவள் விஷயத்தில் அப்படி ஆகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு பக்கத்தில் தமிழில் சுருக்கமாக எழுதி, 2019 ஜனவரி 26 கிராம சபையில் அவளே நின்று படித்தாள். குடிதண்ணீர்ப் பிரச்சினைக்கு நடுவில் பாதிப் பேர் கேட்கவில்லை. ஆனால் தை முடியும்வரை மதகைத் திறந்து ஒரேயடியாக வடிக்காமல் முறைவைத்துத் திறக்கலாமா என்று, ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி எழுந்து கேட்டார். அடுத்த போகத்துக்கும் அது நல்லதுதானே என்று ஊரும் ஒப்புக்கொண்டது. முட்டை எண்ணியதால் கிடைத்த லாபம் என்ன என்று கேட்கிறவர்களுக்கு, கைமேல் காட்ட என்னிடம் இருப்பது அந்த ஒன்றுதான்.

வேடந்தாங்கல்காரர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாரையைச் சுடுகிறார்கள் என்று போய் முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்தில் உத்தரவு வாங்கியவர்கள் அவர்கள். எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த ஏரிக்கு இன்று, உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்ற ராம்சார் அங்கீகாரம் வரை இருக்கிறது, சந்தோஷம். தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேல் ஏரி குளங்கள் என்கிறது அரசுக் கணக்கு. மற்றவற்றில் எந்த வருஷம் எத்தனை கூடு, எந்த மாதம் முதல் முட்டை என்று எங்கே எழுதியிருக்கிறது? அங்கே வற்றினால் இங்கே வருகின்றன, இங்கே மரம் போனால் வேறெங்கோ போகின்றன. சரணாலயத்தை மட்டும் எண்ணினால், வீட்டில் ஒரு அறையில் இருக்கும் ஆட்களை மட்டும் எண்ணிக் குடும்ப அட்டை எழுதுவதுபோல் ஆகும்.

ஆகவே என் கோரிக்கை திண்டிவனத்து நண்பரின் கோரிக்கைக்கு எதிர். ஆராய்ச்சி மாணவருக்குக் கொடுக்கும் பணத்தை நிறுத்தாதீர்கள், அவர் போன பிறகும் அந்த நோட்டை நிறுத்தாதீர்கள். பட்டம் முடிந்ததும் அதே ஏரியை அடுத்த மாணவருக்குக் கொடுக்கலாம். ஆள் கிடைக்காத வருஷங்களில் உள்ளூரில் ஒருவருக்குச் சிறு தொகை கொடுத்து, குறைந்தது மூன்று விஷயமாவது எழுதச் சொல்லலாம்: முதல் ஜோடி குச்சி தூக்கிய தேதி, கூடுகளின் எண்ணிக்கை, மரத்தடியில் தண்ணீர் வற்றிய தேதி. கரையில் நின்றே எழுதலாம், தெப்பமும் கண்ணாடியும் வேண்டாம். பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் கேட்டுப் பார்த்தேன். தலைமையாசிரியருக்கு விருப்பம்தான், ஆனால் எந்தத் திட்டத்தில் எழுதுவது, யார் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை என்றார். அந்த ஒரு கையெழுத்துக்கு வழி செய்தால் போதும்.

அதுவரை நானே எழுதுகிறேன். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்தான் என் நோட்டு. முன்பக்கம் தமிழ்த் தேதி, நல்ல நேரம், பின்பக்கம் நாரை. 2019இலிருந்து வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு வருஷம் முட்டி ஆபரேஷன், கரை ஏற முடியவில்லை. பேரனை அனுப்பினேன், அவன் உண்ணிக்கொக்கையும் சேர்த்து எண்ணிவிட்டான். அந்த வருஷத் தாள்களில் சிவப்பு மையால் 'நம்ப வேண்டாம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கரையிலிருந்து தெரியாது. அவள் கணக்குக்கு முன்னால் என் கணக்கு அரைக்கணக்குதான்.

இந்த வருஷம் மதகுப் பக்கத்து நீர்க்கடம்பில் முதல் ஜோடி முந்தாநாள் காலை 6.40க்குக் குச்சி கொண்டுவந்தது. ஐப்பசி 9. அவளுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். வகுப்பில் இருந்திருப்பாள், மதியம்தான் பதில் வந்தது: "எந்தக் கிளை, ஐயா? பழைய 14ஆம் நம்பர் மரமா?" நம்பர்த் தகடு எப்போதோ விழுந்துவிட்டது. நாளைக் காலை பார்த்துச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை அஞ்சல் அதிகாரி,
மதுராந்தகம் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்.